இணையவழித் துணை தேடலில் இன, பாலியல் முத்திரைகள்

இணையவழித் துணை தேடல் என்பது ஒருவர் தம்மைப் பற்றிய குறிப்பையும் படத்தையும் இணையத்தளத்திலோ கைப்பேசிச் செயலியிலோ பதிந்து, காதலுக்கோ திருமணத்துக்கோ உரியவரைத் தேடும் முறையாகும். பேச்சுவழக்கில் இது ஆன்லைன் டேட்டிங் எனப்படுகிறது. அமெரிக்காவில் 2017-ஆம் ஆண்டளவில் புதிதாக இணைந்த ஆண்-பெண் இணைகளில் ஏறத்தாழ 39 விழுக்காட்டினர் இணையவழியே சந்தித்தவர்கள் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகச் சமூகவியலாளர் மைக்கேல் ரோசன்ஃபெல்டும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் கண்டறிந்தனர். நண்பர்கள், உறவினர், கோயில், கல்லூரி ஆகியவை செய்துவந்த வேலையை இன்று பெருமளவில் செயலிகள் செய்கின்றன.

இந்தச் செயலிகளில் எல்லோருக்கும் ஒரே அனுபவம் கிடைப்பதில்லை. ஒருவரின் தோல் நிறம், இனம், பாலீர்ப்பு ஆகியவற்றைப் பொறுத்து அவருக்கு வரும் செய்திகளின் எண்ணிக்கையும் தன்மையும் மாறுகின்றன. "அது அவரவர் விருப்பம்" என்று இதற்கு விளக்கம் சொல்லப்படுவதுண்டு. ஆனால் அந்த விருப்பத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. சட்டமும் திரைப்படமும் கணினியும் அதை உருவாக்குவதில் பங்கு பெற்றுள்ளன. அமெரிக்காவை மையமாகக் கொண்டு அந்த வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

முத்திரை குத்துதல்

ஒருவரை நேரில் அறியும் முன்பே, அவர் சார்ந்த கூட்டத்தைப் பற்றி ஊரில் உலவும் கருத்தை அவர்மேல் ஏற்றிப் பார்ப்பதே முத்திரை குத்துதல் ஆகும். கறுப்பினப் பெண்கள் சண்டைக்காரிகள், ஆசிய ஆண்கள் ஆண்மை குறைந்தவர்கள், ஆசியப் பெண்கள் அடங்கி நடப்பவர்கள், இலத்தீன் அமெரிக்கப் பெண்கள் காம வேகம் மிக்கவர்கள், இருபாலீர்ப்பினர் ஒருவரோடு நிலைத்து நிற்காதவர்கள் என்பன அமெரிக்காவில் நெடுங்காலமாக உலவும் முத்திரைகள்.

முத்திரை இரண்டு வழிகளில் காயப்படுத்துகிறது. ஒன்று விலக்கல். குறிப்பிட்ட இனத்தவர் தம்மைத் தொடர்புகொள்ள வேண்டாம் என்று எழுதுவதும், வந்த செய்தியைத் திறக்காமலே ஒதுக்குவதும் இதில் அடங்கும். மற்றொன்று விந்தைப் பொருளாக்கல். "உங்கள் இனத்துப் பெண்ணோடு பழகிப் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை" என்பது போன்ற செய்தி புகழ்ச்சியாகத் தோன்றினாலும், எதிரில் இருப்பவரை ஒரு தனி மனிதராகக் காண்பதில்லை. விலக்கப்படுபவரும் விரும்பப்படுபவரும் இங்கே ஒரே முத்திரையால்தான் அளக்கப்படுகின்றனர்.

சட்டம் போட்ட வேலி

யார் யாரை மணக்கலாம் என்பதை அமெரிக்காவில் மூன்று நூற்றாண்டுகளுக்குச் சட்டமே தீர்மானித்தது. மேரிலாந்து குடியேற்றம் 1664-இல் வெள்ளையினப் பெண்கள் கறுப்பின அடிமைகளை மணப்பதைத் தண்டிக்கும் சட்டத்தை இயற்றியது. பின்னர் பெரும்பாலான மாநிலங்கள் ஏதேனும் ஒரு காலத்தில் கலப்பு மணத் தடைச் சட்டத்தைக் கொண்டிருந்தன. கலிஃபோர்னியா மாநிலம் 1880-இல் வெள்ளையர்க்கும் "மங்கோலியர்" என்று வகுக்கப்பட்டோர்க்கும் திருமண உரிமம் வழங்குவதைத் தடுத்தது. ஃபிலிப்பினோக்கள் மங்கோலியர் ஆக மாட்டார்கள் என்று 1933-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், சட்டமன்றம் அதே ஆண்டில் "மலாயர்" என்ற சொல்லைச் சேர்த்து அந்த வழியையும் அடைத்தது.

இந்தியர்களும் இந்த வேலிக்குள் அகப்பட்டனர். கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் வேளாண்மை செய்த பஞ்சாபி ஆண்கள் பலர், வெள்ளையினப் பெண்களை மணக்க வழியில்லாமல் மெக்சிகப் பெண்களை மணந்தனர். தோல் நிறம் ஏறத்தாழ ஒன்றாக இருந்ததால் எழுத்தர்கள் உரிமம் வழங்கினர். சிங் என்ற குடும்பப் பெயரும் ஸ்பானியப் பெயர்களும் கொண்ட பிள்ளைகள் அங்கே வளர்ந்தது இதனால்தான்.

கலிஃபோர்னியாவின் தடையை அம்மாநில உச்ச நீதிமன்றம் 1948-இல் பெரெஸ் எதிர் ஷார்ப் வழக்கில் நீக்கியது. வர்ஜீனியாவில் மில்ட்ரெட் லவிங் என்ற பெண்ணும் அவர் கணவரான வெள்ளையினத்தவர் ரிச்சர்ட் லவிங்கும் 1958-இல் மணம் செய்த சில வாரங்களில் கைது செய்யப்பட்டனர். மாநிலத்தை விட்டு 25 ஆண்டுகள் வெளியேறி இருந்தால் சிறைத்தண்டனை இல்லை என்பது அவர்களுக்குக் கிடைத்த தீர்ப்பு. அவர்கள் தொடுத்த வழக்கில் 1967 ஜூன் 12 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய சட்டங்கள் அனைத்தும் செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அப்போதும் 16 மாநிலங்களில் தடை நடைமுறையில் இருந்தது. அலபாமா மாநிலம் தன் அரசமைப்பிலிருந்து அந்தப் பிரிவை நீக்கியது 2000-ஆம் ஆண்டில்தான். அதற்கான வாக்கெடுப்பிலும் பத்தில் நான்கு பேர் அளவுக்கு நீக்கக் கூடாது என்று வாக்களித்தனர்.

முத்திரைகள் உருவான விதம்

சட்டத்துக்கு நியாயம் சொல்ல முத்திரைகள் தேவைப்பட்டன. அடிமைமுறைக் காலத்தில் பண்ணை உரிமையாளர்கள் கறுப்பினப் பெண்கள்மேல் நிகழ்த்திய வன்முறையை மறைக்க, அப்பெண்களே காமம் மிக்கவர்கள் என்ற கதை பரப்பப்பட்டது. அடிமைமுறை ஒழிந்தபின், கறுப்பின ஆண்கள் வெள்ளையினப் பெண்களுக்கு ஆபத்தானவர்கள் என்ற கதை கும்பல் கொலைகளுக்குச் சாக்காக அமைந்தது. மெம்ஃபிஸ் நகரில் தம் நண்பர்கள் மூவர் 1892-இல் கும்பலால் கொல்லப்பட்டபின், இதழாளர் ஐடா பி. வெல்ஸ் அந்தக் கதை பொய் என்று சான்றுகளோடு எழுதினார். அவருடைய செய்தித்தாள் அலுவலகம் அழிக்கப்பட்டது. அதே பொய்க்கு 1955-இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவன் பலியானான். கடையில் இருந்த வெள்ளையினப் பெண்ணிடம் வரம்பு மீறினான் என்பதே அவன்மேல் சுமத்தப்பட்ட குற்றம்.

ஆசியர்மேல் விழுந்த முத்திரைக்குக் குடியேற்றச் சட்டம் வழிவகுத்தது. 1875-ஆம் ஆண்டின் பேஜ் சட்டம் பாலியல் தொழிலுக்காகப் பெண்கள் கொண்டுவரப்படுவதைத் தடுப்பதாகச் சொல்லி, நடைமுறையில் சீனப் பெண்கள் பெரும்பாலோரின் வருகையை நிறுத்தியது. 1882-ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர்களைத் தடுத்தது. ஏற்கெனவே வந்திருந்த சீன ஆண்கள் குடும்பமில்லாமல் வாழ நேர்ந்தது. பல தொழில்களிலிருந்து துரத்தப்பட்ட அவர்கள் சலவைக் கடைகளிலும் சமையலறைகளிலும் பிழைத்தனர். பெண்களின் வேலை என்று அன்று கருதப்பட்டதைச் செய்ததால், ஆண்மை குறைந்தவர்கள் என்ற பெயர் அவர்களுக்கு வந்தது. சட்டம் உண்டாக்கிய நிலைமை பின்னர் இனத்தின் இயல்பாகச் சொல்லப்பட்டது. ஜப்பான், கொரியா, வியட்நாம் ஆகிய நாடுகளில் அமெரிக்கப் படைகள் தங்கியிருந்த காலம் ஆசியப் பெண்கள் பற்றிய முத்திரையை மேலும் ஆழப்படுத்தியது.

இந்தப் படிமங்களை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது திரைப்படம். 1930-இல் வகுக்கப்பட்டு 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்த ஹேஸ் விதிமுறை, வெள்ளை-கறுப்பினக் கலப்பு உறவையும் தன்பாலீர்ப்பையும் திரையில் காட்டத் தடை விதித்தது. சீன அமெரிக்க நடிகை அன்னா மே வாங், 1937-இல் வெளிவந்த 'தி குட் எர்த்' படத்தின் சீனக் கதைநாயகி வேடத்தைப் பெற முடியவில்லை. நாயகனாக வெள்ளையின நடிகர் நடித்ததால், அவருக்கு இணையாகச் சீனப் பெண் நடிக்க இயலாத நிலை இருந்தது. அந்த வேடத்தில் நடித்த லூயிஸ் ரைனர் ஆஸ்கர் விருது பெற்றார்.

கணினி வந்தபோது

பிரிட்டனில் ஜோன் பால் என்ற பெண்மணி 1964-இல் கணினி மூலம் இணை சேர்க்கும் நிறுவனத்தை நடத்தத் தொடங்கினார். அமெரிக்காவில் ஹார்வர்டு மாணவர்கள் 1965-இல் 'ஆபரேஷன் மேட்ச்' என்ற சேவையைத் தொடங்கினர். மாணவர்கள் 3 டாலர் கட்டணத்துடன் வினாத்தாளை நிரப்பி அனுப்ப, ஐபிஎம் கணினி பொருத்தமானவர்களின் பெயர்ப்பட்டியலை அச்சிட்டுத் தந்தது.

கணினி மனிதரைப் போல் பாரபட்சம் பார்க்காது என்ற நம்பிக்கை அன்று பரவலாக இருந்தது. வரலாற்றாய்வாளர் மார் ஹிக்ஸ் அந்த நம்பிக்கையை மறுத்துக் காட்டியுள்ளார். தொடக்ககாலச் சேவைகள் இனம், மதம், வர்க்கம் ஆகிய பழைய வரம்புகளையே பொருத்தத்தின் அளவுகோலாக்கின என்பது அவர் ஆய்வின் முடிவு. வாடிக்கையாளர்கள் எதை விரும்புகிறார்கள் என்பதைவிட எதை வேண்டாம் என்கிறார்கள் என்பதற்கு ஜோன் பாலின் முறை முதன்மை தந்தது. இன்றைய செயலிகளின் வடிகட்டிப் பொத்தானுக்கு அதை முன்னோடி எனலாம்.

தரவுகள் காட்டியவை

மேட்ச் டாட் காம் 1995-இல் தொடங்கியது. ஓகேகியூபிட் 2004-இலும் டிண்டர் 2012-இலும் வந்தன. இனவாரியாக யார் யாருக்கு எழுதுகிறார், யாருக்குப் பதில் கிடைக்கிறது என்பதை முதன்முறையாகப் பெரிய அளவில் எண்ணிப் பார்க்க இத்தளங்கள் வழி செய்தன.

யாகூ தளத்தின் துணை தேடல் குறிப்புகளை ஆராய்ந்த சிந்தியா ஃபெலிசியானோவும் பெலிண்டா ராப்னெட்டும் கோல்நாஸ் கோமாயேயும் 2009-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். வெள்ளையின ஆண்கள் கறுப்பினத்தவரை விலக்குவது மிகுதி, வெள்ளையினப் பெண்கள் ஆசியரை விலக்குவது மிகுதி என்று அவர்கள் கண்டனர். ஒரே இனம் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு விலையைக் கேட்கிறது என்பதை இது காட்டியது. கறுப்பினப் பெண்ணைப் பற்றியும் ஆசிய ஆணைப் பற்றியும் பழைய காலம் விட்டுச்சென்ற படிமங்களோடு இம்முடிவு பொருந்துவதைக் காணலாம்.

ஓகேகியூபிட் நிறுவனமும் தன் தரவுகளை 2009-இல் வெளியிட்டது. கறுப்பினப் பெண்கள் தமக்கு வரும் செய்திகளுக்கு மற்றவர்களைவிட அதிகமாகப் பதில் எழுதினர். அவர்கள் அனுப்பிய செய்திகளுக்கோ மிகக் குறைவாகவே பதில் கிடைத்தது. நிறுவனர்களில் ஒருவரான கிறிஸ்டியன் ரட்டர் 2014-இல் ஐந்தாண்டுத் தரவுகளை ஒப்பிட்டார். இனம் தமக்கு முக்கியம் இல்லை என்று வினாக்களுக்கு விடையளித்தவர்கள் அந்தக் காலத்தில் கூடியிருந்தனர். நடத்தையில் அந்த மாற்றம் தெரியவில்லை.

பால்புதுமையினரின் அனுபவம்

தன்பாலீர்ப்பினர்க்கு இணையம் வெறும் வசதி அல்ல. வேலை போகும், அடி விழும், வழக்குப் பாயும் என்ற அச்சம் நிலவிய சமூகத்தில் ஒருவரையொருவர் கண்டுகொள்ள அதுவே பாதுகாப்பான வழியாக இருந்தது. அமெரிக்காவில் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய மாநிலச் சட்டங்கள் முழுமையாக வீழ்ந்தது 2003-இல் லாரன்ஸ் எதிர் டெக்சஸ் தீர்ப்பினால்தான். பியூ ஆய்வு மையம் 2019-இல் எடுத்த கணக்கெடுப்பில், பெரியவர்களில் 30 விழுக்காட்டினர் துணை தேடல் தளங்களைப் பயன்படுத்தியிருந்தனர். தன்பாலீர்ப்பினர், இருபாலீர்ப்பினர் நடுவே அது 55 விழுக்காடாக இருந்தது.

அந்தப் புகலிடத்திலும் கதவுகள் சமமாகத் திறக்கவில்லை. 2000-இல் தொடங்கிய ஈஹார்மனி தளம் ஆண்-பெண் பொருத்தம் மட்டுமே பார்த்தது. நியூ ஜெர்சி மாநிலத்தில் எழுந்த புகாரின்மேல் 2008-இல் சமரசம் ஏற்பட்டு, 2009-இல் தன்பாலீர்ப்பினர்க்குத் தனித் தளம் ஒன்றை அது தொடங்கியது.

தன்பாலீர்ப்பு ஆண்களின் சமூகத்துக்குள்ளும் இனப்பாகுபாடு புதிதல்ல. சில மதுக்கூடங்கள் கறுப்பினத்தவரிடம் மட்டும் பல அடையாள அட்டைகளைக் கேட்டுத் திருப்பி அனுப்பிய காலம் இருந்தது. 1980-இல் சான் பிரான்சிஸ்கோவில் தோன்றிய கறுப்பு-வெள்ளை ஆண்கள் சங்கம் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தது. 2009-இல் வந்த கிரைண்டர் செயலியில் அதே மறுப்பு எழுத்து வடிவம் பெற்றது. "குண்டர் வேண்டாம், பெண்தன்மை உள்ளவர் வேண்டாம், ஆசியர் வேண்டாம்" என்ற பொருள்படும் வாசகம் பலருடைய குறிப்புகளில் இடம்பெற்றது. எச்ஐவி தொற்று இல்லாதவரைக் குறிக்கச் "சுத்தமானவர்" என்று எழுதும் வழக்கமும் பரவியது. தொற்றுள்ளவர் அழுக்கானவர் என்ற பொருள் அதில் ஒளிந்திருந்தது.

இருபாலீர்ப்புப் பெண்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. ஏற்கெனவே இணையாக வாழும் ஆணும் பெண்ணும் தமக்கு மூன்றாவதாக ஒரு பெண் தேவை என்று அவர்களை அணுகுகின்றனர். அவர்கள் எதற்கும் உடன்படுவர் என்ற முத்திரையே இதற்குக் காரணம். டிண்டர் 2016-இல் ஆண், பெண் என்பவற்றுக்கு மேலும் பல பாலின அடையாளங்களைச் சேர்த்தது. அதற்கு முன் திருநங்கையர் தம் பாலினத்தை உள்ளபடி குறிப்பிட்டால் புகாருக்கு ஆளாகிக் கணக்கை இழக்கும் நிலை இருந்தது.

செயலியின் பங்கு

செயலி ஒரு கண்ணாடி மட்டுமே என்பது நிறுவனங்களின் வாதம். அது கண்ணாடியைவிடக் கூடுதலான வேலையைச் செய்கிறது. முதலாவதாக, வடிகட்டி ஓர் இனத்தவரை ஒரே தொடுதலில் கண்ணிலிருந்து மறைக்கிறது. விலக்கப்பட்டவர்க்குத் தாம் விலக்கப்பட்டதே தெரியாது. இரண்டாவதாக, பரிந்துரை முறை பிறருடைய தேர்வுகளைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. பலர் ஓர் இனத்தவரை ஒதுக்கினால், ஒதுக்காதவரின் திரையிலும் அவ்வினத்தவர் பின்னுக்குத் தள்ளப்படக்கூடும். காஃபி மீட்ஸ் பேகல் என்ற செயலியில், இனம் குறித்து விருப்பம் எதுவும் இல்லை என்று பதிந்தவர்களுக்கும் பெரும்பாலும் அவர்தம் இனத்தவரே காட்டப்பட்டது 2016-இல் செய்தியானது. அவ்வாறு காட்டினால் இணைவோர் எண்ணிக்கை கூடுகிறது என்பதே நிறுவனத்தின் விளக்கமாக இருந்தது.

இணையத்தில் இனம் மறைந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு இவ்வாறு பொய்த்தது. சமூகவியலாளர்கள் செலஸ்ட் கரிங்டன், ஜெனிஃபர் லண்ட்குவிஸ்ட், கென்-ஹோ லின் ஆகியோர் 2021-இல் வெளியிட்ட நூலில் இந்நிலையை எண்மப் பாலியல் இனவெறி என்ற கருத்தின் வழியாக விளக்கினர். முகம் பார்த்துச் சொல்லக் கூசும் சொல்லைத் திரைக்குப் பின்னிருந்து எளிதில் எழுத முடிவது அதன் ஒரு கூறு.

விருப்பமா, வெறுப்பா?

யாரை நேசிப்பது என்பது தனிமனித உரிமை, அதில் பிறர் தலையிட முடியாது என்பது ஒரு தரப்பின் வாதம். இதில் உண்மை உண்டு. விரும்பாத ஒருவரோடு பழகியாக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த இயலாது. ஆனால் ஒருவரைப் பிடிக்கவில்லை என்பதும், பல கோடிப் பேர் கொண்ட ஓர் இனத்தையே பார்க்காமல் மறுப்பதும் ஒன்றல்ல. ஆஸ்திரேலியாவில் 2,177 தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு ஆண்களிடம் டென்டன் கலண்டரும் உடனாய்வாளர்களும் நடத்திய ஆய்வு 2015-இல் வெளிவந்தது. துணை தேடலில் இனப்பாகுபாடு தவறில்லை என்று கருதும் மனப்பான்மை, பொதுவான இனவெறி மனப்பான்மையோடு நெருங்கிய தொடர்புடையது என்று அது காட்டியது.

விருப்பம் மாறக்கூடியது என்பதற்கும் சான்று உள்ளது. கெவின் லூயிஸ் என்ற சமூகவியலாளர் ஓகேகியூபிட் தளத்தின் 1,26,134 பயனர்களின் செய்திப் பரிமாற்றத்தை ஆராய்ந்து 2013-இல் கட்டுரை வெளியிட்டார். பெரும்பாலோர் தம் இனத்தவர்க்கே முதலில் எழுதினர். ஆனால் வேற்று இனத்தவரிடமிருந்து செய்தி வந்தபோது எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் பதில் எழுதினர். அவ்வாறு பதில் எழுதியவர்கள், சிறிது காலத்துக்கேனும், தாமாகவே வேற்று இனத்தவர்க்கு எழுதுவதும் கூடியது. மறுக்கப்படுவோம் என்ற அச்சமே பலரைத் தடுத்திருந்தது என்று இதிலிருந்து கருத இடமுண்டு.

2020-ஆம் ஆண்டின் மாற்றங்கள்

ஜார்ஜ் ஃபிளாய்டு 2020 மே மாதத்தில் காவலர் பிடியில் இறந்ததை அடுத்து எழுந்த போராட்டங்களின்போது, இனவாரி வடிகட்டியை நீக்குவதாகக் கிரைண்டர் அறிவித்தது. பாராட்டியவர்களும் இருந்தனர், காலம் கடந்த செயல் என்றவர்களும் இருந்தனர். வெள்ளையர் மிகுந்த ஊரில் வாழும் கறுப்பினத்தவர் தம்மவரைக் கண்டுபிடிக்க அதே வடிகட்டி உதவியது என்ற கருத்தும் முன்வைக்கப்பட்டது. ஒரே கருவி பெரும்பான்மையினர் கையில் வேலியாகவும் சிறுபான்மையினர் கையில் கைவிளக்காகவும் இருக்கக்கூடும் என்பதால் இவ்விவாதம் இன்னும் முடியவில்லை.

தெற்காசியர் இடையிலும் அதே ஜூன் மாதத்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. ஷாதி டாட் காம் என்ற திருமணத் தளம், வட அமெரிக்காவில் வாழும் தெற்காசியப் பெண்கள் முன்னெடுத்த கோரிக்கையை ஏற்று, தோல் நிற வடிகட்டியை நீக்கியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனி, முருகவேல் ஜானகிராமனால் 1997-இல் அமெரிக்காவாழ் தமிழர்க்கான இணையதளத்தின் ஒரு பகுதியாகத் தொடங்கப்பட்டது. தமிழர் பயன்படுத்தும் இத்தகைய திருமணத் தளங்களில் சாதி, உட்பிரிவு ஆகியவை முதன்மையான தேடல் கட்டங்களாக உள்ளன. சாதியும் இனமும் ஒன்றல்ல. எனினும் செய்தித்தாளின் "மணமகள் தேவை" விளம்பரத்தில் இருந்த "நல்ல நிறம்" என்ற சொல் கணினியில் பொத்தானாக மாறிய கதை, அமெரிக்கக் கதையிலிருந்து வெகு தொலைவில் இல்லை.

மதிப்பீடு

1967-இல் அமெரிக்காவில் புதிதாக மணந்தோரில் 3 விழுக்காட்டினரே வேற்று இனத்தவரை மணந்திருந்தனர். 2015-இல் அது 17 விழுக்காடானது என்று பியூ ஆய்வு மையம் தெரிவிக்கிறது. சட்டத்தின் வேலி நீங்கியதும் மனத்தின் வேலியும் மெல்லத் தாழ்வதை இந்த எண்கள் உணர்த்துகின்றன. முற்றிலும் தாழவில்லை என்பதைப் பதில் கிடைக்காத செய்திகள் உணர்த்துகின்றன. இனவாரி விலக்கலைச் சட்டத்தால் தடுக்க முடியாத இடம் காதல். அங்கே மாற்றம் இரண்டு இடங்களிலிருந்து வரக்கூடும். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று தீர்மானிக்கும் நிறுவனங்கள் ஒன்று. தம் விருப்பம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கும் பயனர்கள் மற்றொன்று.